இட்டேரியில் ஓடும் மின்வண்டி

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அகன்றது, வழுவழுப்பானது. சரக்குந்துகள் இரவும் பகலும் அதன்மேல் ஓடிய வண்ணம் இருக்கும். ஆயின், அச்சாலையை விட்டு வலப்புறமோ இடப்புறமோ ஒரு கல் தொலைவு சென்றால் நிலத்தின் முகமே மாறிவிடுகின்றது. இருமருங்கும் கிலுவை வேலி அடைத்த இட்டேரிகள். வண்டிச் சக்கரங்கள் அறுத்த ஆழ்ந்த தடங்கள். மழைக்காலத்தில் மட்டுமே நீரைக் காணும் ஓடைகள். அவற்றின் அடியில் காலைப் புதைக்கும் மணல். ஆங்காங்கே பாறை துருத்தி நிற்கும் கரடுகள். மரவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் சோளமும் விளையும் செம்மண் காடுகளுக்குச் செல்லும் வழி இவையே. காடு என்றவுடன் புலியும் கரடியும் வாழும் இடம் என்று எண்ணிவிடலாகாது. இவ்வட்டாரத்தார் தம் புன்செய் நிலத்தையே காடு என்று வழங்குவர். பாற்குடமும் தீவன மூட்டையும் புல்லுக்கட்டும் நாள்தோறும் இவ்வழிகளில்தான் போய் வருகின்றன.

இவ்வழிகளுக்கு ஏற்ற ஊர்தி எது? கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு உழவர் கூறிவந்த விடை ஒன்றே. 1980-ஆம் ஆண்டில் ஓசூரில் உருவாகி வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் சிறு மொபெட்டும், அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகளும்தாம் அவ்விடை. இருவர் அமர்ந்து செல்வதற்கென அமைக்கப்பெற்ற அவ்வண்டியை ஒரு குடும்பத்தின் சுமைவண்டியாகவே மாற்றிக்கொண்டவர் நாட்டுப்புற மக்கள். முன்புறத்துத் தட்டில் ஒரு மூட்டை, பின்னிருக்கையின் இருபுறமும் இரண்டு பாற்கேன்கள், நடுவே ஓட்டுநர். பல்லிணையை மாற்ற வேண்டிய தொல்லை இல்லை. 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியின் எடைகூடத் தொண்ணூறு கிலோவை எட்டவில்லை. வரப்பில் சறுக்கி விழுந்தால் ஒருவரே தூக்கி நிறுத்திவிடலாம். அவ்வண்டி நிலைத்து நின்றமைக்கு அதன் பொறியின் வலிமையைவிட இந்த எளிமையே பெருங்காரணம் எனலாம்.

பெட்ரோலின் இடத்தை இன்று மின்சாரம் மெல்ல மெல்லப் பிடித்து வருகின்றது. அம்மாற்றத்தில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. கோவையில் 2008-இல் ஆம்பியர் நிறுவனம் தொடங்கப்பெற்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற தருண் மேத்தா, சுவப்னில் ஜெயின் என்னும் இளைஞர் இருவர் 2013-இல் ஏத்தர் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அதன் ஆலை இன்று ஓசூரில் இயங்குகின்றது. டி.வி.எஸ். நிறுவனம் 2020-இல் ஐக்யூப் என்னும் மின்வண்டியை வெளியிட்டது. 2021-இல் கிருட்டிணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலாவின் பேராலை எழுந்தது. ஆயினும், இவ்வாலைகள் புகழ்பெற்றது நகரத்துத் தார்ச்சாலையை எண்ணிச் செய்த வண்டிகளால்தான். அவற்றின் சக்கரங்கள் பன்னிரண்டு அங்குல விட்டமே உடையவை. மின்கலப் பெட்டியோ கால் வைக்கும் தளத்தின் அடியில் தாழ்ந்து கிடக்கின்றது. சாலையில் அது நன்மையே. வண்டி சாயாமல் நிற்கும். இட்டேரியின் நடுவே புடைத்து நிற்கும் மண்மேட்டில் அதுவே முட்டுக்கட்டையாகின்றது.

மேடு பள்ளத்தில் ஓடும் எடை குறைந்த மின்வண்டி ஒன்றைத் தனியே வடிக்க வேண்டுமாயின் எங்கிருந்து தொடங்குவது? எடையிலிருந்துதான்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. அதனுள் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி. ஆனால் சிறு பொறிகள் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவையே சக்கரத்துக்குத் தருகின்றன. எஞ்சியதெல்லாம் வெப்பமாகப் போய்விடும். ஆகவே, பயன்பாட்டு அளவில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 2 கிலோவாட் மணி கொள்ளும் மின்கல அடுக்குக்கு நிகர். நன்று, ஆனால் அவ்வடுக்கின் எடை என்ன? பெட்டியும் கம்பிகளும் சேர்ந்து பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ. பெட்ரோலைக் காட்டிலும் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட சுமையை மின்வண்டி தன் வயிற்றில் தாங்கியே ஓட வேண்டும். இயக்குபொறி, பல்லிணைப் பெட்டி, புகைக்குழல், எண்ணெய்த் தொட்டி ஆகியவை நீங்கியதனால் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதியை இவ்வாறு மின்கலம் விழுங்கிவிடுகின்றது.

வட்டி குட்டி போடுவதுபோல் எடையும் எடையை ஈனும். மின்கலம் பெரிதானால் அதைத் தாங்கும் சட்டகம் தடிக்க வேண்டும். சட்டகம் தடித்தால் சுருள்வில்லும் தடையும் வலுக்க வேண்டும். அவை வலுத்தால் மின்னோடி பெருக்க வேண்டும். பெருத்த மின்னோடிக்கு மீண்டும் பெரிய மின்கலம் வேண்டும். இவ்வட்டத்தை எங்கே அறுப்பது என்பதே வடிவமைப்பாளரின் முதற்கவலை.

மண்வழி கேட்கும் விசையைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். வண்டி 80 கிலோ, ஓட்டுநர் 70 கிலோ. ஆக 150 கிலோ. தார்ச்சாலையில் சக்கரம் உருளும்போது எழும் தடை, மொத்த எடையில் நூற்றில் ஒன்றரைப் பங்கு. அஃதாவது ஏறக்குறைய 22 நியூட்டன். ஒரு கிலோமீட்டருக்கு அதனால் செலவாவது 6 வாட் மணியே. இளகிய மணலிலோ அத்தடை எடையில் பத்தில் ஒரு பங்காக உயர்ந்துவிடும். விசை 147 நியூட்டன். செலவு கிலோமீட்டருக்கு 40 வாட் மணிக்கு மேல். ஓடை மணலில் ஒரு கிலோமீட்டர் செல்வது, காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், சாலையில் ஏழு கிலோமீட்டர் செல்வதற்கு ஒப்பாகும். நிறுவனத்தார் விளம்பரத்தில் கூறும் தொலைவு காட்டுவழியில் கிட்டாமல் போவதன் காரணம் இதுவே.

அம்மணல் வழியே ஐந்துக்கு ஒன்று என்னும் சரிவாகவும் இருந்தால்? எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 294 நியூட்டன், மேலும் சேர்கின்றது. மொத்தம் 440 நியூட்டன். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஏறுவதற்கு வேண்டிய திறன் ஏறத்தாழ 1.2 கிலோவாட் மட்டுமே. கேட்பவர்க்கு இது வியப்பாக இருக்கலாம். மேடு ஏறுவதற்குக் குதிரைத்திறன் மிகுதியாக வேண்டும் என்பது பலருடைய எண்ணம். வேண்டுவது விரைவன்று, விசை. சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டரானால், அதன் அச்சில் 132 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இருந்தாற் போதும்.

அம்முறுக்குவிசையை இரண்டு வழிகளில் பெறலாம். மின்னோடியைப் பின்சக்கரத்தின் குடத்திலேயே பொருத்திவிடுவது ஒரு வழி. சங்கிலி இல்லை, பற்சக்கரம் இல்லை, தேய்வதற்கு ஒன்றுமில்லை. நகரத்து மலிவு வண்டிகள் பலவும் இம்முறையையே கொண்டுள்ளன. ஆனால் காட்டுவழியில் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. மெல்லச் சுழன்றுகொண்டே பெருவிசை தர வேண்டியிருப்பதால் அம்மின்னோடி மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பிச்சுருளில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். மேட்டில் மெல்ல ஊர்கையில் குளிர்விக்கக் காற்றும் இராது. இரண்டாவது குறை, அந்த எடை முழுதும் சுருள்வில்லுக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து கிடப்பது. கல்லின்மேல் சக்கரம் எழும்பி இறங்கும்போது, கனத்த சக்கரம் தரையைத் தொடாமல் துள்ளிக்கொண்டே செல்லும். தரையைத் தொடாத சக்கரம் வண்டியைத் தள்ளவும் மாட்டாது, நிறுத்தவும் மாட்டாது.

மற்றொரு வழி, விரைந்து சுழலும் சிறு மின்னோடியைச் சட்டகத்தின் நடுவே வைத்து, வாராலும் சங்கிலியாலும் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குவது. ஏழுக்கு ஒன்று என்று குறைத்தால், 132 நியூட்டன் மீட்டருக்கு மின்னோடி தர வேண்டுவது 19 மட்டுமே. சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். செம்மண் தூசி அதை அரிக்கும். இருப்பினும் கரட்டு வழிக்கு இம்முறையே ஏற்றது. பெயர்பெற்ற காட்டுவழி மின்வண்டிகள் யாவும் இதனையே மேற்கொண்டுள்ளன.

அவ்வண்டிகளுள் சிலவற்றை ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். ஆஸ்திரியா நாட்டுக் கே.டி.எம். நிறுவனம் 2014-ஆம் ஆண்டளவில் ஃப்ரீரைடு-ஈ என்னும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை ஏறத்தாழ 110 கிலோ. முதலில் 2.6 கிலோவாட் மணியாக இருந்த அதன் மின்கலம் பின்னர் 3.9 ஆக உயர்ந்தது. சுவீடன் நாட்டுக் கேக் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட கால்க் வண்டியோ 70 கிலோ எடையே உடையது, 2.6 கிலோவாட் மணி மின்கலம் கொண்டது. சீன நாட்டுச் சுர்-ரான் நிறுவனத்தின் லைட் பீ இவற்றினும் இலேசானது. மலையேறும் மிதிவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் இடைப்பட்ட உருவம். எடை 50 கிலோவை ஒட்டியது. மின்கலம் 60 வோல்ட்டில் ஏறக்குறைய 2 கிலோவாட் மணி. இதற்கு நேர்மாறானது, 2021 டிசம்பரில் பார்சிலோனா நகரிலிருந்து அறிவிக்கப்பெற்ற ஸ்டார்க் வார்க். அது பந்தயக் களத்துக்கென்றே பிறந்தது: 80 குதிரைத்திறன்; 6 கிலோவாட் மணி மின்கலம். 110 கிலோ என்று அறிவிக்கப்பெற்று, வாங்குவோர் கையை எட்டியபோது சில கிலோ கூடிற்று. நம் அண்டை நகரான பெங்களூரில் அல்ட்ராவயலட் நிறுவனம் 2025 மார்ச்சில் ஷாக்வேவ் என்னும் வண்டியை அறிமுகப்படுத்தியது. சாலையிலும் காட்டுவழியிலும் ஓடத்தக்க அதன் எடை 120 கிலோ. மின்கலம் 4 கிலோவாட் மணி.

ஒரு கிலோவாட் மணிக்கு வண்டி எத்தனை கிலோ சுமக்கின்றது என்று பார்த்தால், லைட் பீ 25, கால்க் 27, ஃப்ரீரைடு 28, ஷாக்வேவ் 30 என்று ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கின்றன. வார்க் மட்டும் 20-ஐ ஒட்டி நிற்கின்றது. அதன் மின்கலப் பெட்டி மக்னீசியத்தால் ஆனது. மக்னீசியம் உருக்கின் எடையில் கால்பங்கும் இல்லாத உலோகம். அதன் தாதுவாகிய மாக்னசைட்டு சேலத்தை அடுத்த குன்றுகளில் வெள்ளைக்கல்லாக விளைந்து கிடப்பதும், உருக்குலைகளின் உட்சுவருக்கான தீச்செங்கல் செய்யப் பயன்படுவதும் இவ்வூரார் அறிந்ததே. ஆனால் கல்லை உலோகமாக்கி, உலோகத்தைப் பெட்டியாக்கும் செலவு பெரிது. வார்க் வண்டியின் விலை பத்தாயிரம் யூரோவுக்கு மேல்.

ஒப்பிடுவதிலும் விழிப்பு வேண்டும். ஒரு நிறுவனம் மின்கலத்தைக் கழற்றிவிட்டு எடையைக் கூறும். மற்றொன்று சேர்த்துக் கூறும். சில நொடிகளே தாங்கும் உச்சத் திறனை ஒருவர் பெரிய எழுத்தில் அச்சிடுவர். அரைமணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறனை மற்றொருவர் நேர்மையாகக் கூறித் தோற்றுப்போவர். ஓடும் தொலைவும் அவ்வாறே. சமதளத்தில், காற்றில்லா வேளையில், மெல்லச் சென்று அளந்ததா, மேடு பள்ளத்தில் அளந்ததா என்று கேட்டல் வேண்டும். வண்டியை ஒப்பிடுமுன் அளவுகோலை ஒப்பிட வேண்டும். வேறோர் உண்மையையும் மறத்தலாகாது. அமெரிக்காவில் ஆல்டா என்னும் நிறுவனம் சிறந்த மின்பந்தய வண்டிகளைச் செய்தது. 2018-இல் அது மூடப்பட்டது. கேக் நிறுவனம் 2024 பிப்ரவரியில் நொடித்தது. நிறுவனம் மறைந்த பின் உதிரி உறுப்புக்கு எங்கே போவது? வாங்கியவர் கையில் வண்டி வெறும் சட்டகமாய் நின்றுவிடும்.

சட்டகம் என்றதும் நினைவுக்கு வருவது அலுமினியம். கால்க், லைட் பீ இரண்டின் சட்டகமும் அதுவே. உருக்கைவிட மூன்றில் ஒரு பங்கு எடை என்பது உண்மை. ஆனால் அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே குழாய்களைப் பருமனாக்க வேண்டியிருக்கும். மேலும், ஓயாத குலுக்கலில் அலுமினியம் நாளடைவில் களைத்து வெடிக்கும். உருக்கோ ஒரு வரம்புக்கு உட்பட்ட குலுக்கலை எத்தனை கோடி முறையும் தாங்கும். வெடித்த அலுமினியத்தை ஒட்ட ஆர்கான் வாயுவும் தேர்ந்த கையும் வேண்டும். உருக்குக் குழாய் உடைந்தால்? நாமக்கல்லில் சரக்குந்துகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளைப் பூட்டும் கொட்டகைகளும் நிறைந்த நாடு இது. பற்றவைக்கும் கருவியைக் கையாளத் தெரிந்தவர் இல்லாத சிற்றூரைக் காண்பது அரிது. கஞ்சமலையின் இரும்பு பண்டுதொட்டே பெயர்பெற்றது. அதன் அடிவாரத்தில் இன்றும் சேலம் உருக்காலை துருவேறா உருக்குத் தகடுகளை உருட்டித் தருகின்றது. நான்கைந்து கிலோ எடை கூடினும், இந்நிலத்தில் ஓடும் வண்டிக்கு உருக்குச் சட்டகமே தக்கது.

மின்கலத்தைத் தேர்வதிலும் வெளிநாட்டாரை அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது. இலித்திய மின்கலங்களுள் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்டு கலந்தவை ஒருவகை. இரும்பும் பாசுபேட்டும் கலந்தவை மற்றொருவகை. முன்னது இலேசானது, ஆகையால் பந்தய வண்டிகள் அதையே நாடுகின்றன. பின்னது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கனம் கூடியது, ஆயின் வெப்பத்தை நன்கு தாங்கும், எளிதில் தீப்பற்றாது, பல்லாண்டு உழைக்கும். சித்திரை வெயிலில் சேலத்தின் வெப்பம் 40 பாகையை நெருங்குவது உண்டு. 2022-ஆம் ஆண்டுக் கோடையில் நாட்டின் பல இடங்களில் மின்வண்டிகள் தீப்பற்றியதும், உயிர்கள் மாண்டதும் மறக்கத்தக்கன அல்ல. அதன்பின் நடுவணரசு ஏ.ஐ.எஸ். 156 என்னும் மின்கலப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கிற்று. வெப்பம் ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குப் பரவாமல் தடுத்தல் அவ்விதிகளின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. வீட்டுத் திண்ணையிலும் மாட்டுக் கொட்டகையிலும் வைத்து மின்னூட்டப்படும் வண்டிக்கு ஐந்து கிலோ எடை பெரிதா, அச்சமற்ற உறக்கம் பெரிதா என்று கேட்டால் விடை கூறுவது கடினமன்று.

மின்னழுத்தத்துக்கும் இது பொருந்தும். வார்க் வண்டி ஏறத்தாழ 360 வோல்ட்டில் இயங்குகின்றது. அழுத்தம் உயர்ந்தால் ஓட்டம் குறையும், கம்பி மெலியும், எடை குறையும். ஆனால் அதைத் திறந்து பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றவரே துணிய வேண்டும். நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்கு உட்பட்டதை ஊர்தி விதிகள் உயர் அழுத்தமாகக் கருதுவதில்லை. சிற்றூர்ப் பட்டறைக்கு அவ்வெல்லையே நல்லெல்லை.

மின்னோடியின் உள்ளே இருக்கும் காந்தம் பற்றியும் ஒரு சொல். நியோடிமியம் என்னும் அரிய மண்வகை உலோகம் கலந்த காந்தமே சிறிய மின்னோடிக்குப் பெருவலிமை தருகின்றது. அதன் ஆக்கத்தில் சீனமே முன்னிற்கின்றது. 2025 ஏப்ரலில் அந்நாடு இவ்வகைக் காந்தங்கள் பலவற்றின் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று விதித்தபோது, இந்திய மின்வண்டி ஆலைகள் திகைத்து நின்றன. காந்தமே இல்லாத தூண்டல் மின்னோடிகளைச் செய்வதில் கோவைப் பட்டறைகள் நெடுங்காலம் தேர்ந்தவை. நாட்டின் கிணறுகளில் நீர் இறைப்பவை பெரும்பாலும் அவ்வினத்தைச் சேர்ந்தனவே. அவை சற்றுக் கனமானவை. ஆயினும் பிறர் கையை எதிர்பாராதவை. எடையைக் குறைக்கும் வேட்கையும் தன் காலில் நிற்கும் வேட்கையும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. இம்மோதலுக்கு இன்னும் முடிவான விடை பிறக்கவில்லை.

சட்டமும் வடிவமைப்பாளரின் கையைப் பிடிக்கும். மின்னோடியின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் வண்டியைப் பதிவு செய்ய வேண்டுவதில்லை. மேலே கண்ட மேட்டில் 1.2 கிலோவாட் வேண்டியிருந்தது. ஆகவே அச்சலுகைக்குள் அடங்கும் வண்டி மணல்மேட்டில் நின்றுவிடும். பதிவெண்ணும் விளக்கும் ஒலிப்பானும் பெற்ற முழு வண்டியாகவே அது அமைய வேண்டும். ஒலிப்பான் இங்கு வெறும் சடங்கன்று. ஓசையின்றி வரும் வண்டியை, வளைந்து செல்லும் இட்டேரியில் எதிரே வரும் ஆடு மேய்ப்பவர் கேட்கமாட்டார்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால் இந்நிலத்துக்குரிய வண்டியின் உருவம் ஒருவாறு தெளிகின்றது. எடை 80 கிலோவை ஒட்டியிருத்தல் வேண்டும். உருக்குக் குழாய்ச் சட்டகம். நடுவே அமைந்த மின்னோடி. ஆரக்கால் பூட்டிய உயர்ந்த சக்கரங்கள். கல்லில் ஏறி இறங்க 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமுங்கும் சுருள்விற்கள். பின்னால் இரண்டு பாற்கேன்களைத் தொங்கவிடத்தக்க இரும்புத் தாங்கி. வெளிநாட்டு வண்டி எதிலும் இத்தாங்கி முதன்மையாக எண்ணப்படவில்லை. அவை விளையாட்டுக்குப் பிறந்தவை. சுமை பின்னால் கூடினால் முன்சக்கரம் மேட்டில் எழும்பிவிடும். ஆதலால் மின்கலத்தை முன்தள்ளி வைத்தல் வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டால் வண்டியின் அமைப்பு முழுதுமே மாறிவிடுகின்றது.

இரும்பு-பாசுபேட்டு வகையில் 2.4 கிலோவாட் மணி மின்கலம் ஏறத்தாழ 20 கிலோ கனக்கும். அதை ஒரே பெட்டியாகச் செய்யாமல், பத்துப் பத்துக் கிலோவாக இரு பெட்டிகளாக்கிக் கழற்றும் வகையில் அமைத்தால், மெலிந்த உடலினரும் ஒவ்வொன்றாக வீட்டினுள் எடுத்துச் சென்றுவிடலாம். மழையில் ஓடை பெருகும் நாள்களில் வண்டியை இக்கரையில் நிறுத்திவிட்டு, மின்கலத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நடைபாலத்தில் கடக்கவும் கூடும். இரண்டும் நிறையச் செலவாவது மூன்று அலகுக்கும் குறைந்த மின்சாரமே. அரைக் கிலோவாட் மின்னூட்டியில் இரவு பத்து மணிக்கு இணைத்தால், மாட்டில் பால் கறக்க எழும் வேளைக்குள் அவை நிரம்பிவிடும்.